ஐந்தாவது பெயர்

ஸாலெஸ்னாவில் யாரைக் கேட்டாலும் பிளாஷெனா வோர்லோவாவுக்குத் தொண்டை சரியில்லை என்றுதான் சொல்வார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் என்பார் ஒருவர். போர்க்காலத்தில் குளிரில் அடிபட்ட தொண்டை என்பார் இன்னொருவர். பிறவியே அப்படித்தான் என்று சிறுசுகள் சொல்லும். எல்லாம் பொய். அவள் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. வெண்கல மணி மாதிரித் தொண்டை. வினையே அதுதான்.

செங்கல் சூளையில் வண்டி ஓட்டியவரின் மகள் அவள். வணிகப் பள்ளியில் தட்டச்சு படித்துவிட்டு, பதினேழு வயதில் நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போதுதான் ஊரில் ஐந்து இடங்களில் ஒலிபெருக்கிக் குழல்களை மாட்டியிருந்தார்கள். அறிவிப்புப் படிக்க வேண்டிய செயலாளர் பெலிகானுக்கு நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். "நீ படிம்மா, ஜனங்க பயப்படாம இருக்கட்டும்" என்று மைக்கை அவள் பக்கம் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து மாலை ஏழு மணிக்கு ஊர் அவள் குரலைக் கேட்டது. நூல்கோல் நாற்று வந்திருக்கிறது, நாளைக்குத் தண்ணீர் வராது, யாருடைய வாத்தோ ஒன்று ஆலைக் குளத்தில் நிற்கிறது. சூளை ஆட்கள் அவளைப் பார்த்தால், "ஏம்மா, அந்த வாத்தைக் கூட்டிட்டுப் போனாங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். அவளும் சிரிப்பாள். தன் குரல் சதுக்கத்தைச் சுற்றிவிட்டுத் தன்னிடமே திரும்பி வருவதைக் கேட்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

ஜெர்மன்காரன் வந்து மூன்று வருஷம் ஆனபிறகு, பிராகில் அவர்களுடைய பெரிய அதிகாரி ஒருவனை வெடிகுண்டு வீசிக் கொன்றார்களே, அந்தக் கோடையில் அறிவிப்பு மாறியது. ஆறு மணிக்கு மாவட்டத் தலைமையிடத்திலிருந்து தொலைபேசி வரும். அன்றைக்குச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைச் சொல்வார்கள். அவள் எழுதிக்கொள்ள வேண்டும், தட்டச்சு செய்ய வேண்டும், ஏழு மணிக்குப் படிக்க வேண்டும், 'முழுவதும் வாசிக்கப்பட்டது' என்று அடியில் கையெழுத்துப் போட வேண்டும். பெலிகானுக்குச் சரியாக அந்த ஒரு மணி நேரத்தில்தான் தினமும் வீட்டில் ஏதாவது அவசர வேலை வரும். பதினெட்டு வயதுப் பெண்ணைச் சாவுப் பட்டியலோடு தனியே விட்டுவிட்டு வறுத்த உருளைக்கிழங்கு தின்னப் போன அந்த மனிதரைப் பற்றி இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

முதல் இரண்டு வாரம் வந்ததெல்லாம் வெளியூர்ப் பெயர்கள். மூன்றாவது வாரம் உள்ளூருக்கு வந்தது. செங்கல் சூளையில் ஆறிப்போன அறை ஒன்றில் ஐந்து பேர் சேர்ந்து ஜெர்மன்காரன் தேடிக்கொண்டிருந்த யாரோ ஓர் அந்நியனைப் பதினோரு நாள் ஒளித்து வைத்திருந்தார்கள். யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். ஐந்து பேரையும் பிடித்துக்கொண்டு போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. வாட்ஸ்லாவ் ப்ரிமுஸ், அலோய்ஸ் டுஷெக், எமில் கோர்பெல், ஹினெக் ஸிகா. ஐந்தாவது, ருடோல்ஃப் ஹைடா. இருபது வயது. ஊரில் ரூடா என்றால்தான் தெரியும். முந்தின குளிர்காலத்தில் நடன வகுப்பில் பிளாஷெனாவுக்கு ஜோடியாக ஆடி, புதன்கிழமைதோறும் அவள் காலை மிதித்தவன்.

நகராட்சி மாடியில் மைக்குக்கு எதிரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு நேர் எதிரே, சதுக்கத்துக்கு அந்தப் பக்கம், சேணம் தைப்பவரின் கடைக்கு மேல்மாடியில் இன்னொரு ஜன்னல். அதுதான் ரூடாவின் வீடு. அவனுடைய அம்மா ஹைடோவா, கணவனை இழந்தவள், கையில் கரண்டியோடு ஜன்னலில் நின்றாள். சூப்பை அடுப்பில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும். ஊரே ஜன்னலில்தான் நின்றது. ஆனால் பிளாஷெனாவின் கண்ணுக்குத் தெரிந்தது அந்த ஒரு ஜன்னல்.

நாலு பெயரைப் படித்தாள். ஐந்தாவதுக்கு வாயைத் திறந்தாள். கரண்டியைப் பார்த்தாள். கை தானாகப் போய் மைக்கை அணைத்துவிட்டது. நாளைக்குப் படித்துவிடலாம் என்று நினைத்தாள். காகிதத்தின் அடியில் கையெழுத்தைப் போட்டாள்.

மறுநாளோ வேறு பட்டியல் வந்தது. முந்தினநாள் பெயரை இன்றைக்குப் படித்தால் நேற்று விட்டது தெரிந்துபோகும். பொய்க் கையெழுத்துக்கு என்ன தண்டனை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைத்தானே தினமும் படித்துக்கொண்டிருந்தாள். பட்டியலை அச்சிட்ட சிவப்புச் சுவரொட்டி மாவட்ட ஊரில் மட்டும்தான் ஒட்டப்பட்டது. அதன் மேல் மறுநாளே அடுத்த சுவரொட்டி ஏறிவிட்டது.

அந்த மறுநாள் காலையிலேயே ஹைடோவா நகராட்சிப் படியேறி வந்தாள். சலவை செய்த சட்டை மூட்டை ஒரு கையில். இன்னொரு கையில், துணியில் சுற்றிய கசகசா ரொட்டி.

"என் பையன் பேரு வரலைம்மா! நான் முழுசா நின்னு கேட்டேன். நாலு பேரோட நிறுத்திட்டே. பாவம் அந்த நாலு பேரு. ஆனா என் பையன் பேரு வரலை" என்று சொல்லி பிளாஷெனாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கே? சாப்பிடு, இதைச் சாப்பிடு. நான் சிறைக்குப் போய்ச் சட்டை கொடுத்துட்டு வரேன்."

பிளாஷெனா அந்த ரொட்டியைத் தின்றாள். பசி. பிற்பாடு தன் வாழ்க்கையில் எதை நினைத்தாலும் கடைசியில் அந்த ரொட்டியில்தான் அவள் நினைவு போய் முட்டும். அதில் சர்க்கரை குறைவு.

சிறைவாசலில் மூட்டையை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரமும் வாங்கிக்கொண்டார்கள். செத்தவனுக்கு வந்த சட்டையை எந்தக் காவலாளி போட்டுக்கொண்டானோ, மூன்று மாதம் அவள் நடையாய் நடந்தாள். ஊர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு பேரைச் சுட்டார்கள், ஐந்தாவது ஆளுக்குச் சட்டை போகிறது. அப்படியானால் அந்த ஐந்தாவது ஆள் யார்? மொட்டைக் கடிதம் யாருடையது? பால் கடையில் ஒருத்தி ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தேவாலயம் வரை போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

போர் முடிந்து ஒரு வருஷம் கழித்து அரசாங்கக் காகிதம் வந்தது. ருடோல்ஃப் ஹைடா, மற்ற நாலு பேர் செத்த அதே நாளில், அதே இடத்தில். ஹைடோவா அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். காகிதத்தை எல்லோரும் படித்தார்கள். படித்துவிட்டு, "அப்ப ஏன் ரேடியோல படிக்கலை?" என்றார்கள். காட்டிக்கொடுத்த பிறகு அவனையும் தீர்த்துக்கட்டியிருப்பார்கள், தங்கள் ஆள் என்பதால் பெயரைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்று ஒரு விளக்கமும் தயாராகிவிட்டது. காதால் கேட்டதுதான் இந்த ஊருக்கு வேதம். முத்திரை குத்திய காகிதம் எத்தனை வந்தாலும் கேட்காத பெயர் கேட்காததுதான்.

நினைவுக்கல் வைப்பதற்காக ஒரு குழு உட்கார்ந்தது. பிளாஷெனாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அசல் பட்டியலைப் போரின் கடைசி வாரத்தில் பெலிகான் அடுப்பில் போட்டுக் கொளுத்தியிருந்தார்.

"ஹைடா பேரு அதுல இருந்துச்சா?"

"காகிதத்துல இருந்ததைப் படிச்சேன்" என்றாள்.

முதலில் செய்தது இரக்கம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர்? கோழைத்தனம். வேறு பெயர் தேடி நான் அவளுக்கு உதவப்போவதில்லை. சூளை வாசலில் கறுப்புக் கல் நட்டார்கள். நாலு பெயர்.

பிளாஷெனா நகராட்சியை விட்டு நூலகத்துக்கு மாறினாள். அதிலிருந்து அவள் பேச்செல்லாம் கிசுகிசுப்புதான்; அங்கே மெதுவாகப் பேசினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹைடோவா ரொட்டிக்கடை வரிசையில் நின்றால் அவளுக்கு முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் ஒரு முழம் விலகி நிற்பார்கள். யாரும் சொல்லிவைத்துச் செய்வதல்ல, பழக்கமாகிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைகூட அந்த ஒரு முழத்தை விட்டுத்தான் நிற்கும். பிளாஷெனாவும் விட்டுத்தான் நின்றாள்.

*

நாடகக் குழுவில் அவள் சேர்ந்தது எடுத்துக்கொடுக்கிறவளாக. உடற்பயிற்சிக் கூடத்தின் மேடை முகப்பில், பாதி புதைந்த நாய்க்கூண்டு போல ஒரு பெட்டி உண்டு. மேடைக்கு அடியில் தவழ்ந்து போய் அதில் உட்கார வேண்டும். திறப்பு நடிகர்கள் பக்கம். சனங்களுக்கு அவள் தெரியமாட்டாள், அவளுக்குச் சனங்கள் தெரியமாட்டார்கள். மடியில் பிரதி, சின்ன விளக்கு. யாராவது தடுமாறினால் அடுத்த வரியைக் காற்றாகச் சொல்ல வேண்டும். அவளுக்கென்றே செய்து வைத்த இடம் அது.

எங்கள் நடிகர்களின் திறமை அப்படி. கசாப்புக்கடை பெட்ரிக் கோர்பெல்லுக்கு மீசை ஒட்டத் தெரியும், நெஞ்சை நிமிர்த்தத் தெரியும், வசனம் மட்டும் மண்டையில் ஏறாது. அதனால் குழுவில் ஒரு சட்டம். பெட்டியிலிருந்து என்ன வந்தாலும் யோசிக்காதே, சொல்லிவிடு. ஒருதடவை கோர்பெல் ராஜா வேஷத்தில் இருந்தபோது, பிளாஷெனா திரை இழுப்பவனைப் பார்த்து, "கதவைச் சாத்து, குளிருது" என்று கிசுகிசுத்தாள். கோர்பெல் உடனே வாளை உருவிக்கொண்டு ராணியைப் பார்த்து, "கதவைச் சாத்து, குளிருது!" என்று முழங்கினார். கைதட்டல் ஓய இரண்டு நிமிஷம் ஆயிற்று. அன்றைக்கு அந்த இருட்டுப் பெட்டிக்குள் பிளாஷெனாவும் வயிறு வலிக்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தது குழுவில் இருந்த பதினெட்டு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

விடுதலையின் இருபதாவது ஆண்டுக்கு என்ன நாடகம் போடலாம் என்று பேச்சு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியார் ரடோவான் மிக்ஸா, பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் ஒரு போர்க்காலக் குறுநாவலை நாடகமாக எழுதிக்கொண்டு வந்தார். பல் வைத்தியரிடம் வேலை பழகும் பதினெட்டு வயதுப் பையன். முதல் காதல், முதல் பொய், முதல் பயம். ஆள் ஆவதற்குள் ஆளைச் சுட்டுவிடுகிறார்கள். நூலகத்தில் அதன் ஆறு பிரதிகளும் பிளாஷெனா கையால்தான் ஊருக்குப் போயின. அவள் மட்டும் கடைசிப் பத்துப் பக்கத்தைப் படித்ததே இல்லை. படித்தவர்கள் சொல்லித் தெரியும். கடைசியில் ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன.

வாத்தியாருக்கு ஒரு யோசனை. நாவலில் உள்ள பெயர்களை எடுத்துவிட்டு, நினைவுக்கல்லில் உள்ள நாலு பெயர்களை வைத்துவிட்டார். நகராட்சிக் கிடங்கிலிருந்து பழைய குழல் ஒன்றைக் கொண்டுவந்து மேடைக்கு மேல் மாட்டினார். படிப்பதற்குத் தபால் நிலையத்துப் பெண் யிட்கா. பதினெட்டு வயது. நல்ல குரல். முதல் ஒத்திகையில் அவள் மைக்கைத் தட்டிப் பார்த்த சத்தத்தில் பிளாஷெனாவின் கையிலிருந்த பிரதி நழுவிக் கீழே விழுந்தது.

"என்ன அத்தை, தூங்கிட்டீங்களா?" என்று சிரித்தாள் யிட்கா.

ஒத்திகை மூன்றாவது வாரத்தில் இருந்தபோது ஹைடோவா வந்தாள். எழுபத்து நாலு வயது, கையில் கைத்தடி. கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"வாத்தியாரே, நீங்க வெளியூரு. உங்களுக்குத் தெரியாது. அஞ்சு பேரு. என் பையனையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்க." மடித்து மடித்துக் கிழிந்துபோன காகிதத்தை நீட்டினாள்.

மிக்ஸா அதைப் படித்துவிட்டு, "இதுல தெளிவா இருக்கே. சேர்த்துடலாமே" என்றார்.

மேடையில் வெள்ளைக் கோட்டும் இடுக்கியுமாகப் பல் வைத்தியர் வேஷத்தில் நின்ற கோர்பெல் முகம் சிவந்துபோனார். சுடப்பட்ட எமில் அவருடைய அண்ணன். "அந்தப் பேரு என் அண்ணன் பேரு பக்கத்துல வந்துச்சுன்னா, இந்தக் கோட்டைக் கழட்டி உம்ம மூஞ்சில எறிஞ்சிட்டுப் போயிருவேன். நாடகத்தை நீரே ஆடிக்கும்."

"பெட்ரிக், நீ அவனோட மீன் பிடிக்கப் போனவன்டா" என்றாள் ஹைடோவா.

"போனேன். தெரியாம போனேன்."

வாத்தியார் திண்டாடினார். பிறகு மேடையேறிப் பெட்டிப் பக்கம் குனிந்து, "நீங்க அப்ப நகராட்சியில இருந்தீங்கன்னு சொல்றாங்களே. நீங்கதான் படிச்சீங்களாமே? பட்டியல்ல அந்தப் பேரு இருந்துச்சா?" என்று கேட்டார்.

பெட்டிக்குள்ளிருந்து பிளாஷெனாவுக்கு வாத்தியாரின் முகமும் கோர்பெல்லின் கால்களும் மட்டும் தெரிந்தன. முதுகுக்குப் பின்னால் கைத்தடி தரையில் ஒருதரம் தட்டியது.

"ஞாபகம் இல்லை" என்று கிசுகிசுத்தாள்.

கைத்தடி மெதுவாக நடந்து வெளியே போயிற்று. ஒவ்வொரு தட்டையும் பிளாஷெனா எண்ணினாள். கதவு வரை முப்பத்தொன்று.

*

அரங்கேற்றத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. நாலு குடும்பத்தாரையும் முன்வரிசையில் உட்காரவைத்து ஆளுக்கொரு சிவப்புக் கார்னேஷன் பூ கொடுத்திருந்தார்கள். ஹைடோவா காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி, கதவோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று யிட்கா வந்து சொன்னாள். "பாவமா இருக்கு அத்தை. எதுக்கு வந்திருக்காங்களோ?"

நாடகம் நன்றாகவே போயிற்று. கோர்பெல் ஏழே இடத்தில்தான் தடுமாறினார். பையனாக நடித்தவன் சூளைக்காரன் பேரன். கடைசிக் காட்சியில் கைவிலங்கோடு அவன் நடந்து போனபோது முன்வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் பெட்டிக்குள்ளேயே கேட்டது. மேடை காலியாயிற்று. பல் வைத்தியர் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். குழல் கரகரத்தது.

"கவனிக்கவும், கவனிக்கவும்."

யிட்கா படித்தாள். வாட்ஸ்லாவ் ப்ரிமுஸ். அலோய்ஸ் டுஷெக். எமில் கோர்பெல். ஹினெக் ஸிகா.

பிரதியில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. பத்து எண்ணும்வரை மௌனம், பிறகு திரை. பிளாஷெனா ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். மூன்றில், வெகு தூரத்தில், ஓர் இருக்கை மடங்கும் சத்தம் கேட்டது. கைத்தடி தட்டியது. ஒன்று. இன்னொன்று. கதவு பக்கத்திலேயே இருக்கிறது. முப்பத்தொன்று இல்லை, நாலைந்து தட்டில் போய்விடுவாள். போய்விட்டால் அவ்வளவுதான். இனிமேல் இந்தப் பெயருக்காக யாரிடமும் வந்து நிற்க மாட்டாள்.

"ருடோல்ஃப் ஹைடா" என்றாள் பிளாஷெனா.

எடுத்துக்கொடுக்கிறவள் சொன்னால் யோசிக்காதே, சொல்லிவிடு. யிட்கா யோசிக்கவில்லை. "ருடோல்ஃப் ஹைடா" என்று மைக்கில் சொன்னாள். பழைய குழல் அந்தப் பெயரைக் கூடம் முழுக்க இறைத்தது.

கைத்தடி நின்றது.

அப்புறம் ஒரே இரைச்சல். யாரோ எழுந்து, "வெட்கமா இல்லை?" என்று கத்தினார்கள். யிட்கா பக்கத் திரையிலிருந்து எட்டிப் பார்த்து, "அத்தைதான் சொன்னாங்க!" என்று அழ ஆரம்பித்தாள். கோர்பெல் இரண்டே எட்டில் பெட்டி முன்னால் வந்து மண்டி போட்டார். அந்த முகத்தில் ஒட்டு மீசை பாதி பிய்ந்து தொங்கியது. வேறு நேரமாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும்.

"என்னடி சொன்னே?"

"அந்தப் பேரு பட்டியல்ல இருந்துச்சு, பெட்ரிக்."

கிசுகிசுப்பு இல்லை. இத்தனை வருஷம் மூடி வைத்திருந்த குரல். துருவேகூட ஏறவில்லை. கூடத்தில் நாற்பது வயதைத் தாண்டினவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்தக் குரல் யாருடையது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

"அஞ்சாவது பேரு. உங்க அண்ணனுக்கு அப்புறம் ஸிகா, அதுக்கப்புறம் ரூடா. நான்தான் படிக்கலை. விசாரணையிலயும் பொய் சொன்னேன். போன வாரம் வாத்தியார்கிட்டயும் பொய்தான் சொன்னேன்."

கோர்பெல் வாயைத் திறந்தார். அவருக்கு எடுத்துக்கொடுக்க யாரும் இல்லை.

மேடைக்கடியிலிருந்து அவள் தவழ்ந்து, முழங்காலில் ஒட்டின மண்ணோடு வெளியே வருவதற்குள் கூடம் பாதி காலியாகிவிட்டது. பாதிப் பேர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹைடோவா கதவருகே நின்ற இடத்திலேயே நின்றாள். பிளாஷெனா அவளிடம் போனாள்.

"நீதானா?" என்றாள் ஹைடோவா.

"நான்தான்மா."

"எதுக்கு?"

"நீங்க ஜன்னல்ல நின்னுட்டிருந்தீங்க. கையில கரண்டி இருந்துச்சு. எனக்கு வாய் வரலை."

கிழவி அதை யோசித்தாள்.

"நான் அங்க நின்னதே கேக்கறதுக்குத்தானேடி" என்றாள். "சேதி வந்தா அழணும், கறுப்பு கட்டணும்னு மனசைக் கல்லாக்கிட்டு நின்னேன். நீ என்னை ரொட்டி சுட வச்சே. மூணு மாசம் சட்டை தோய்க்க வச்சே. எந்தப் பாவிக்கோ என் கையால பித்தான் தச்சுக் கொடுத்தேன். என் பிள்ளையைத் துரோகின்னாங்க. நீ கேட்டுட்டுத்தானே இருந்தே? என் பின்னாடி வரிசையில நின்னியே?"

"நின்னேன்."

"எட்டித்தானே நின்னே?"

பிளாஷெனா தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். ஹைடோவா கைத்தடியைத் தரையில் தட்டினாள்.

"அது வேண்டாம். அதை வச்சு நான் என்ன செய்ய? இந்த நாடகக் குழல்ல யாரோ ஒரு சின்னப் பொண்ணு படிச்சது கணக்கில்லை. ஊர் ரேடியோல படி. ஏழு மணிக்கு. நீயே படி. அந்த ஜன்னல்ல இருந்து படி."

நகராட்சித் தலைவர் முதலில் மறுத்தார். இதெல்லாம் பழைய கதை, ஊர் அமைதி கெடும், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். பிளாஷெனா அவர் அறை வாசலில் இரண்டு நாள் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அவருக்கே சங்கடமாகி, "சரி, நாற்று அறிவிப்புக்கும் தண்ணி அறிவிப்புக்கும் நடுவுல படிச்சுட்டுப் போங்க. ஒரு நிமிஷம்தான்" என்றார்.

அறை மாறவில்லை. மேசையை மட்டும் மாற்றியிருந்தார்கள். எதிரே அந்த ஜன்னல் திறந்திருந்தது. ஹைடோவா கறுப்பு உடுப்பில், கையில் எதுவும் இல்லாமல் நின்றாள். நூல்கோல் நாற்று வந்திருக்கிறது என்று யாரோ படித்து முடித்தார்கள். பிளாஷெனா மைக் முன்னால் உட்கார்ந்தாள். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஐந்து பெயரையும் படித்தாள். ஐந்தாவது பெயர் போர்க்காலத்தில் தன்னால் விடப்பட்டது, அவன் யாரையும் காட்டிக்கொடுத்ததாக எந்த ஆதாரமும் இல்லை என்று சொன்னாள். தன் பெயரையும் சொன்னாள். குரல் சதுக்கத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. ஹைடோவா கடைசிவரை நின்று கேட்டாள். பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். இருபத்து மூன்று வருஷம் தாமதமாக அவள் அன்றைக்கு அழுதாள். சத்தம் கீழே சேணக்கடை வரை கேட்டதாம்.

*

ஒதுக்கிவைக்க ஊருக்கு ஒரு ஆள் வேண்டும். ஹைடோவா கையைவிட்டுப் போனதும் இன்னொருத்தி கிடைத்தாள். நாடகக் குழுவிலிருந்து பிளாஷெனாவுக்கு இனி வர வேண்டாம் என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. நூலகத்துக்கு வருகிறவர்கள் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு அவள் கை படாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். கோர்பெல் அவளுக்கு இறைச்சி தர மறுக்கவில்லை, ஆனால் அவள் முறை வரும்போதெல்லாம் உள்ளே போய்விடுவார். 'நாங்கள் ஒரு குற்றமும் அறியாத தாயை ஒதுக்கினோமே' என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வதைவிட, 'அவள்தானே எங்களை ஏமாற்றினாள்' என்று சொல்வது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

நினைவுக்கல்லில் ஐந்தாவது பெயரை வெட்ட இலையுதிர்காலத்தில் ஆள் வந்தான். பழைய எழுத்தில் வெட்டத் தெரியாதவன். மற்ற நாலும் ஒரு மாதிரி, ஐந்தாவது வேறு மாதிரி. ஹைடோவா சூளை வாசலுக்குப் போனாள். எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, ரொட்டிக்கடை வரிசை. பிளாஷெனா நடுவில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரு முழம். பின்னால் ஒரு முழம். பின்னால் நின்ற சின்னப் பெண்ணுக்கு ஆறு வயதிருக்கும். அம்மா கையைப் பிடித்து இழுக்காமலே அது தானாக அந்த இடத்தை விட்டு நின்றது. பிளாஷெனா திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடைவெளி முதுகில் குளிர்காற்று போலப் படும் என்பது அவளுக்கு இந்தச் சில மாதங்களில்தான் தெரிந்திருந்தது. அதை இருபது வருஷத்துக்கு மேல் முதுகில் சுமந்தவள் ஒருத்தி இருந்தாள்.

கைத்தடிச் சத்தம் கேட்டது. வரிசையின் கடைசிக்குப் போகாமல், எல்லோரையும் தாண்டி வந்தது. யாரோ, "அம்மா, வரிசை அங்க இருக்கு" என்றார்கள். ஹைடோவா வந்து, பிளாஷெனாவுக்குப் பின்னால் இருந்த அந்த ஒரு முழத்துக்குள் நுழைந்து நின்றுகொண்டாள். அவள் கூடையின் விளிம்பு பிளாஷெனாவின் முதுகில் இடித்தது.



"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே" என்றாள் ஹைடோவா, ஊருக்கே கேட்கும்படி. "சாகறவரைக்கும் அது கிடையாது. ஆனா இந்த இடத்துல நிக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும். எவளுக்கும் அது வேண்டாம்." கூடையால் இன்னொரு இடி இடித்தாள். "நகரு. முன்னாடி ஆள் போயாச்சு, ரொட்டி தீரப்போகுது."

பிளாஷெனா ஒரு எட்டு எடுத்து வைத்தாள்.